உப்புக்காற்றும் குறைந்த டெண்டரும்

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதி துருப்பிடித்துப் பழுதாகி 2022 டிசம்பரில் ரயில் நின்றது. சுமார் 550 கோடி ரூபாயில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், இதிலும் துரு என்று எழுதினார் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். பூச்சு 35 வருடம் தாங்கும் என்றது ரயில்வே. (உப்புக்காற்றுக்கு இது தெரியுமா?)

அதே காற்றில்தான் இந்தக் கரையின் அரசுப் பள்ளிகளும் நிற்கின்றன. 'தொகை குறைந்தவருக்கே வேலை, சட்டம் அப்படி' என்பார்கள். சட்டம் அப்படி இல்லை! தமிழ்நாட்டின் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அளவிடக்கூடிய காரணிகளை ஆவணத்தில் குறித்து, அவற்றுக்கு எடை கொடுத்து, அதன்படி குறைந்ததைத்தான் ஏற்கச் சொல்கிறது. முப்பது வருடப் பராமரிப்புச் செலவும் அளவிடக்கூடியதுதானே? அதை எழுதவிடாமல் கையைப் பிடிப்பது யார்? கம்பி வெளியே தெரிந்தபின் ஒட்டுப்போட விடும் அடுத்த டெண்டரை மட்டும் எப்படி எழுத முடிகிறது?