மாடுகள் துள்ளும் நாள்

கேள்வி: ‘சுவீடன் நாட்டில் மாடுகளைக் கொட்டகையிலிருந்து வெளியே விடுவதையே திருவிழா மாதிரி கொண்டாடுகிறார்களாமே... உண்மையா? இதனால் விவசாயிக்கு என்ன லாபம்?’ - வாசகர் ஒருவர்

உண்மைதான். அங்கே அதற்கு ‘கூஸ்லெப்’ என்று பெயர். ‘கூ’ என்றால் பசு. ‘ஸ்லெப்’ என்றால் அவிழ்த்து விடுவது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உலர்ந்த புல்லும் ஊறுகாய்ப்புல்லும் தின்று கிடந்த மாடுகளை, புல் தலைகாட்டியதும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ மேய்ச்சலுக்குத் திறந்து விடுகிறார்கள். 600 கிலோ எடையுள்ள கறவை மாடு, கன்றுக்குட்டி போல வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளி ஓடும். அதைப் பார்க்க நகரத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து வேலிக்கு வெளியே காத்து நிற்கின்றன.

ஏப்ரல் 30-ம் தேதி இரவு ஊர்தோறும் பெரிய தீ மூட்டுவதும் அங்கே பழைய வழக்கம். மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன்பு, காட்டு விலங்குகளை விரட்ட மூட்டிய தீ என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். இன்றைக்கு அது பாட்டும் கூட்டமுமாக ஆகிவிட்டது.

வெளியே விடுவது அங்கே சட்டப்படியும் கட்டாயம். ‘பிப்பி’ கதைகளை எழுதிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், கிறிஸ்டினா ஃபோர்ஸ்லுண்ட் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து, 1985 முதல் பண்ணை விலங்குகளுக்காகப் பத்திரிகைகளில் எழுதினார். 1988-ல் சட்டம் வந்தது. அது போதாது என்று லிண்ட்கிரெனே குறைபட்டுக்கொண்டார் என்பது வேறு கதை. விதிப்படி கறவை மாடுகள் கோடையில் தெற்கே 120 நாள், நடுப்பகுதியில் 90 நாள், பனி நெடுநாள் கிடக்கும் வடக்கே 60 நாள் மேய்ச்சலில் இருக்க வேண்டும். அதுவும் நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது.

துள்ளலைப் பார்ப்பவர்களுக்குச் சந்தோஷம். பண்ணைக்காரருக்கு அன்று வேலை அதிகம். வேலியை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். கொட்டகை வாசலில் தரை வழுக்கினால் ஓடும் மாடு விழுந்து கால் ஒடியும். இளம்புல்லைத் திடீரென்று நிறைய மேய்ந்தால் சாணம் இளகிக் கழிச்சலாகும். அதனால் ஆரம்பத்தில் சில மணி நேரம் மட்டுமே மேயவிட்டு, உள்ளே வழக்கமான தீவனத்தையும் கொடுத்துப் பழக்குகிறார்கள்.

லாபம் என்று கேட்டால், நேரடியாகக் கைக்கு வரும் காசு இல்லை. ஆனால், பாலை வாங்குபவர் மாட்டை நேரில் பார்த்துவிட்டுப் போகிறார். விவசாயிகளே உரிமையாளர்களாக உள்ள ‘ஆர்லா’ கூட்டுறவு, பண்ணைகளைத் திறந்து வைத்து மக்களை அழைப்பது அதனால்தான். பெரிய விளம்பரம் செய்தாலும் இந்தப் பெயர் கிடைக்காது.

எல்லாப் பண்ணையாளர்களும் ஒரே கருத்தில் இல்லை. சில நூறு மாடுகளை வைத்து, ரோபோ இயந்திரத்தில் பால் கறப்பவர்களுக்குத் தினமும் மந்தையை வெளியே அனுப்பி அழைப்பது சிரமம். கொட்டகையை ஒட்டிப் போதிய நிலமும் கிடைப்பதில்லை. பக்கத்து டென்மார்க்கில் எல்லாப் பண்ணைக்கும் இப்படிக் கட்டாயம் இல்லாதபோது, தங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் செலவு என்பது அவர்கள் வாதம். மாடு கொட்டகைக்குள் அவிழ்த்துவிட்டபடி நடமாடினாலே போதும் என்று விதியைத் தளர்த்தக் கேட்கிறார்கள். விலங்குநல அமைப்புகள் விடுவதாக இல்லை.