ஆடிக்காத்தும் சி.ஓ.2 வெல்டிங்கும்

"சி.ஓ.2 வெல்டிங்னா ஸ்ட்ராங்கு, ராடு வெல்டிங் எல்லாம் பழசு." வீட்டுக்கு கேட்டு, கிரில் செய்யக் கொடுக்குறவங்க வாயில இந்த வசனம் அடிக்கடி வருது. படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு பொட்டி தட்டுறதுன்னாலும் இதுக்கு ஒரு பதிவு போடாம இருக்க முடியல மக்களே.

முதல்ல மேட்டர் என்னன்னு பார்ப்போம். துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச். அது வழியா 0.8 அல்லது 1.2 மி.மீ. கம்பி சுருள்ல இருந்து ஓடி வந்துக்கிட்டே இருக்கும். கம்பி முனைக்கும் இரும்புக்கும் நடுவுல ஆர்க் எரியும், கம்பியே உருகி இணைப்பை நிரப்பும். உருகின இரும்புல வெளிக்காத்து பட்டா உள்ள பொத்தல் விழும். அதைத் தடுக்கத்தான் டார்ச் வாயிலிருந்து கேஸ் வந்து போர்வை மாதிரி மூடிக்குது.

இதுல எனக்குப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு உண்டு. கை கொஞ்சம் விலகி ஆர்க் நீண்டா கரண்ட் குறையும், கம்பி மெதுவா உருகும். மோட்டாரோ அதே வேகத்துல தள்ளும். ஆர்க் தானா பழைய நீளத்துக்கு வந்துடும். ஒரு வரி ப்ரோகிராம் கூட எழுதாமலே!

1948ல அமெரிக்காவுல பேட்டல் ஆராய்ச்சி நிலையத்துல இது உருவானப்ப, விலை கூடின மந்த வாயுவைத்தான் பயன்படுத்தினாங்க. 1950கள்ல கார்பன் டை ஆக்சைடு வந்த பிறகுதான் இரும்பு வேலைக்குக் கட்டுப்படியாச்சு. அதுல பொறி அதிகம் தெறிக்கும். ஆர்கான் கலந்தா தெறிப்பு குறையும், செலவு ஏறும்.

ராடு மாத்த நிறுத்த வேண்டாம், சிலாக் தட்டி எடுக்கவும் வேண்டாம். நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்குற மாதிரி ஃபேக்டரிகளுக்கு அருமையான முறை. மேல கூரை இருக்கு, இரும்பு சுத்தமா இருக்கு, ஒரே வேலை திரும்பத் திரும்ப வருது.

மொட்டை மாடியில? அமெரிக்க வெல்டிங் சங்கத்தோட கட்டுமான விதி, மணிக்கு 8 கி.மீ.க்கு மேல காத்து வீசினா தடுப்பு இல்லாம கேஸ் வெல்டிங் கூடாதுங்குது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், கேஸ் எம்மாத்திரம்? ராடுக்கு இந்தத் தொல்லை குறைவு. மேல பூசின மருந்தே எரிஞ்சு புகையும் சிலாக்குமா மூடிக்கும்.

இன்னொரு ஆபத்து, அழகு. தடிமனான தகடுல சூடு குறைச்சு வெச்சு ஓட்டினா மேல பளபளன்னு வரும், அடியில ஒட்டியே இருக்காது. நம்ம ஊர் கோர்வைப் புடவையில கரையும் உடலும் எப்படிப் பிணைஞ்சிருக்குன்னு புரட்டிப் பாக்குறோமே, அந்தக் கண்ணு இதுக்கும் வேணும். மாடிக் கைப்பிடியில சாயப்போறது நம்ம வீட்டுக் குழந்தைங்க.

என் கட்சி இதுதான்: பட்டறைக்குள்ள முடியுற வேலைக்கு சி.ஓ.2, மாடியில போய்ச் சேர்க்குற இணைப்புக்கு ராடு. "எந்த மிஷின்?"னு கேக்குறதை விட்டுட்டு, "துருவும் பெயிண்டும் தேய்ச்சாச்சா? தகடு எத்தனை மி.மீ.? எங்க வெச்சுப் பத்த வைக்கப் போறீங்க?"ன்னு கேளுங்க. அப்புறமா பேரம் பேசலாம்.

டிஸ்கி: எந்த வெல்டிங்கா இருந்தாலும் வெறும் கண்ணால வேடிக்கை பாக்காதீங்கப்பா :-)