‘பணி’யும் ‘பனி’யும்

உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் வேலை செய்யும் ஒருவர், "இன்று பனிக்கு வர முடியாது" என்று கையடக்கத் தொலைபேசியில் எழுதி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த மலையில் பனிக்குக் குறைவில்லை. அவர் சொல்ல வந்ததோ பணியைப் பற்றி. ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழாக்கும்போது ‘ன’வா ‘ண’வா என்பதைப் பெரும்பாலும் இயந்திரமே தெரிவு செய்கிறது. எழுத்துப்பிழை திருத்தியும் மௌனம் சாதிக்கிறது. ஏனெனில் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பின்னரும், பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேல் ‘தாய்மார்’ என்பது ‘நாய்மார்’ ஆகியிருந்ததை இந்நாடு கண்டது. ‘நாய்’ என்பதில் எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஆனால் ‘மார்’ உயர்திணைக்கே உரிய விகுதி என்று அறிந்தவர் ஒருவர் ஒருமுறை பார்த்திருந்தால் அப்பலகை பஸ்ஸில் ஏறியிராது. தமிழ் தெரிந்தவர்களை நியமிக்காத அரசின் குற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதேவேளை, நம்மவர் எழுதும் அறிவித்தல்களும் பிழைக்குக் குறைந்தவையல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டாருக்கு அனுப்பும் குறுஞ்செய்திக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்கப்படுகிறது. மலையகத்தின் பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதை நாம் பிழையென்று கூறமாட்டோம். அதற்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு. "அம்மா பாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிட்டாங்க" என்று கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகனுக்குச் செய்தி வருகிறது. நோயாளி யார்? "பாட்டியை" என்று எழுதியிருந்தால் அவன் பதறியிருக்க மாட்டான். ‘ஐ’ என்ற ஓர் உருபு விடுபட்டதை எந்தத் திருத்தியும் கண்டுகொள்ளவில்லை.

பெயர்களின் நிலை இன்னும் மோசமானது. லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி ஆகிய மூன்றும் ஒருவரையே குறிக்கலாம். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்பனவும் அப்படித்தான். இயந்திரத்துக்கு எது சரி, எது பிழை? பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் அடையாள அட்டையில் வேறொன்றாகவும் பெயர் பதிவானதால், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தமக்குச் சேரவேண்டிய ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு அலைந்த தோட்டத் தொழிலாளர் பலர். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர், தாம் தாமேதான் என்பதை நிரூபிக்கச் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியிருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்த அலைச்சல் புதிதன்று.

பிள்ளையின் பிறப்பைப் பதியச் செல்லும் பெற்றோர், பெயரைத் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லட்டும். பதிவாளர் எழுதியதை, கையொப்பமிடுமுன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்க்கட்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருடன், தமிழைப் பிழையற எழுதும் உறவினர் ஒருவர் கூடச் செல்லலாம். ஆனால் தன் தொலைபேசியில் ‘பனி’யையும் ‘பணி’யையும் ஒன்றாகவே விட்டுப் பழகிய உறவினர், அங்கே எதைக் கண்டுபிடிப்பார்?