கிள்ளானுக்கு வந்தால் மட்டும் சிக்கனம்

2018 ஜூலையில் எல்ஆர்டி 3 திட்டத்தின் செலவை 31.65 பில்லியன் வெள்ளியிலிருந்து 16.63 பில்லியனுக்கு இறக்கினார்கள். புது அரசாங்கம், ஊழல் ஒழிப்பு, சிக்கனம் என்று ஒரே கைதட்டல். பத்து பில்லியன் என்று பேச ஆரம்பித்த திட்டம் மூன்று மடங்காக வீங்கியிருந்தது. கத்தி வைக்க வேண்டியதுதான். ஆனால் எதில் வைத்தார்கள்? ஆறு பெட்டி ரயில் மூன்று பெட்டியானது. 42 ரயில்கள் 22 ஆயின. ஐந்து நிலையங்கள் காணாமல் போயின. அதில் புக்கிட் ராஜா, பண்டார் பொட்டானிக் இரண்டும் கிள்ளான் பக்கம்.

2023 அக்டோபரில், 2024க்கான வரவு செலவுத் திட்டத்தில், அதே ஐந்து நிலையங்களும் திரும்பி வந்தன. விலை 4.7 பில்லியன் வெள்ளி. மிச்சம் பிடித்த லட்சணம் இது.

இது ஏதோ ஒரு தடவை நடந்த தடுமாற்றம் என்றால் விட்டுவிடலாம். கொமுட்டரைப் பாருங்கள். சாலாக் சவுத்–சிரம்பான், கிள்ளான் தடங்களைப் புதுப்பிக்க 2018இல் குத்தகை கொடுத்தார்கள், 2020இல் ரத்து செய்தார்கள். அரசுகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் மட்டும் மாறவில்லை.

இத்தனைக்கும் சிலாங்கூரின் முதல் ரயில் பாதையே இந்தப் பக்கம் வந்ததுதான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை, ஈயம் ஏற்றிப் போக. தண்டவாளத்தில் வேலை செய்தவர்களில் நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று பிரிக்பீல்ட்ஸைக் கேட்டால் சொல்லும். அங்கே ரயில்வே யார்டு இருந்த இடம் 2001இல் கே.எல். சென்ட்ரல் ஆனது. ரயில்வேக்காரர்கள் குடியிருந்த ‘நூறு வீடுகள்’ இடிக்கப்பட்டன. பதிலுக்கு 2010இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவு அழகாகத்தான் இருக்கு.

ஐரோப்பாவிலும் கோளாறுகள் உண்டு. பின்தங்கிய வட்டாரங்களுக்கு என்று கொடுத்த நிதியில் ஆளில்லாத விமான நிலையங்கள் கட்டப்பட்டதை அவர்களுடைய தணிக்கை மன்றமே 2014இல் குட்டியது. ஆனால் குட்டுவதற்கு அங்கே எழுதப்பட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. 1994இல் தொடங்கிய ஒருங்கிணைவு நிதி, தலா வருமானம் ஒன்றியச் சராசரியில் 90 சதவிகிதத்துக்குக் கீழே உள்ள நாடுகளுக்குத்தான், போக்குவரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும். இல்லாதவனுக்கு முதலில் என்பது அங்கே சட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயில் நிலையம் எங்கே வரும் என்பதை நில விலை எங்கே ஏறும் என்பது தீர்மானிக்கிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிறது, வீடு விற்கிறது, பிறகு நிலையம். தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போன குடும்பம் கடன் வாங்கி ஒரு மோட்டார் எடுக்கிறது. மழையோ வெயிலோ, அதில்தான் வேலைக்கு.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் ஒன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடு என்பவற்றோடு ஒரு போக்குவரத்துக் கோரிக்கை! நாதனை நாடு கடத்தினார்கள், தொழிலாளர்களைச் சுட்டார்கள். எப்படிப் போகிறோம் என்பது மானப் பிரச்சினை என்று அந்தச் சனங்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது இன்னும் ‘வசதி’ப் பிரச்சினை.

எழுதுகிறவர்களையும் சும்மா விட முடியவில்லை. லயம், பால்வாளி, மண்டோர் எல்லாம் நம் கதைகளில் தேவைக்கு மேலேயே உண்டு. தோட்டத்தை விட்டு வந்தவன் இன்றைக்குக் கொமுட்டருக்குக் காத்து நிற்பது ஏன் நமக்குக் கதையாகத் தோன்றவில்லை? பழைய துயரத்துக்கு ஈரம் அதிகம், அதுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பொதுப் பணத்தில், அரசாங்க உத்தரவாதக் கடனில் கட்டுகிற ஒவ்வொரு நிலையத்துக்கும் பத்து நிமிட நடையில் காரில்லாத குடும்பங்கள் எத்தனை என்று எண்ணி வெளியிடட்டும். வெட்டும்போதும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வெட்டட்டும். தேர்தல் நேரத்தில் கோயில் மண்டபத்துக்கு வந்து பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுத்துக்கொள்கிற வேட்பாளரிடம் நாமும் ஒன்று கேட்கலாம்: ராத்திரி பதினோரு மணிக்கு போர்ட் கிள்ளானில் ஷிஃப்ட் முடிகிறவன் ஜாலான் மேருவுக்கு எதுல வர்றது, ஒய்பி?