தேநீரில் முக்கிய துணியில் வரலாறு இல்லை

வரலாற்று நாடகமோ படமோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் அரசனுக்கும் அரசிக்கும் எதை வேண்டுமானாலும் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் தறி பிடித்துச் சரிகை நெய்யச் சொல்கிறார்கள். கோயில் சிற்பத்தைப் பார்த்து ஒட்டியாணம் செய்ய ஆள் வைக்கிறார்கள். அதே கதையில் வயலில் நிற்கும் ஐம்பது பேருக்கு? பவர்லூம் வேட்டியை டீத்தூள் தண்ணீரில் முக்கி, கத்தரியால் நாலு கிழிசல் போட்டு, "ஏழை ரெடி" என்கிறார்கள்.

நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பது என் வேலை. இந்தக் கிழிசலுக்குச் சொல்லப்படும் நியாயத்தை அடிக்கடி கேட்கிறேன்: "அரண்மனைக்குச் சிற்பம் இருக்கு, ஓவியம் இருக்கு. உழைக்கிற சனங்க என்ன உடுத்தினாங்கன்னு ஆதாரம் எங்கே?" ஆதாரம் இருக்கிறது. சட்டமாகவே இருக்கிறது. தேடத்தான் மனமில்லை.

தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது என்றது 1829-இல் வந்த அரசாணை. அதன் பிறகும் அடிதடியும் தீவைப்பும் ஓயவில்லை. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் இன்னொரு பிரகடனம் வந்தது. எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் மார்பை மறைக்கலாம்; முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள் கட்டுவது போலக் கட்டிக்கொள்ளலாம்; மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

கவனியுங்கள். துணி எவ்வளவு முரடாக இருக்க வேண்டும் என்பது வரை அரசன் ஆணையிட்டிருக்கிறான். அந்தப் போராட்டத்தை மேடையேற்றும்போது, கடையில் கிடைத்த மெல்லிய வாயில் துணியை நடிகையின் தோளில் போட்டால், அந்த ஆணையையே மேடையிலிருந்து துடைத்துவிடுகிறோம். எதை எதிர்த்து அந்தப் பெண்கள் அடிபட்டார்கள் என்பது பார்வையாளருக்குத் தெரியாமலே போகிறது.

பொருள் கிடைக்காது என்பதும் சாக்குதான். நெசவாளரிடம் நூலின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும்; 100-ஆம் நம்பர் மென்மை, 10-ஆம் நம்பர் முரடு. சென்னிமலையில் படுக்கை விரிப்பும் பவானியில் ஜமக்காளமும் நெய்கிறவர்களுக்குத் தடித்த நூல் புதிதல்ல. குப்பாயத்துக்கு ஊசியும் நூலும் போதும். சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1851-இல்தான். ஆகவே 1829-இன் குப்பாயத்தில் மெஷின் தையலும் பிரஸ் பட்டனும் வரக் கூடாது. முதல் செயற்கைச் சாயம் 1856-இல் வந்தது. அதற்கு முந்தைய கதை என்றால் அவுரியிடமும் சாயவேரிடமும் போங்கள். இவற்றில் எதுவும் பட்டுச் சரிகையின் விலைக்குப் பக்கத்தில் வராது.

சில பொருள்கள் கடையில் சுலபமாகக் கிடைக்கின்றன. அங்கேதான் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கல்லும் மணியும் கோத்த மாலைகள் இன்று 'எத்னிக்' என்ற பெயரில் விற்கின்றன. புலையர் பெண்களுக்கு அதே கல்லுமாலை சாதியின் அடையாளமாகக் கழுத்தில் ஏற்றப்பட்டது. 1915-இல், அய்யன்காளியின் இயக்கத்தில், கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் அவர்கள் அதை அறுத்தெறியத் துணிந்தார்கள், அதற்காகத் தாக்கப்பட்டார்கள். 1859-இன் பிரகடனத்துக்கு 56 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் நிலை அதுதான். அந்த மாலையை அலங்காரமாக மட்டும் பார்த்து நடிகைக்குப் பூட்டுகிறவர் யாருடைய ரசனைக்கு வேலை செய்கிறார்?

1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் படங்கள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. ஆனால் மூக்கையும் மண்டையையும் அளந்த கையோடு எடுத்த படங்கள் அவை. உடுத்த விட்டதை அவை காட்டும். உடுத்த விரும்பியதைக் காட்டாது. விரும்பியதை அறியத் தடைப் பட்டியல்களைப் படியுங்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது போட்ட தடைகளைப் பாருங்கள்: தங்கம், வெள்ளி கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை, பனியன் கூடாது, பெண்கள் ரவிக்கையும் தாவணியும் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. யாரும் செய்யாததை யாரும் தடை செய்வதில்லை. சட்டை போட்டார்கள், குடை பிடித்தார்கள், பூ வைத்தார்கள் என்பதற்கு ஆதிக்க சாதியே எழுதிக் கொடுத்த சாட்சி அது. 1927-இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் சேலை கட்டும் விதத்தையும் கனத்த வெள்ளி நகைகளையும் பற்றிப் பேசியது சும்மா அல்ல.

நாடார் பெண்களின் போராட்டத்தைச் சொன்ன பகுதியை 2016-இல் ஒன்பதாம் வகுப்புத் தேர்விலிருந்து சிபிஎஸ்இ நீக்கியது. 2019-இல் ஆடை வரலாறு பற்றிய அந்தப் பாடத்தையே என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. பாடத்தில் இல்லாததை மேடையும் திரையும்தான் சொல்ல வேண்டும். அங்கேயும் நம் தாத்தா பாட்டிகள் அழுக்கும் கிழிசலுமாகவே நின்றால், அவர்கள் ஒருநாளும் எதற்கும் ஆசைப்படவில்லை, எதையும் எதிர்க்கவில்லை என்றுதான் அடுத்த தலைமுறை நம்பும்.

ஆகவே நாடகம் போடும், குறும்படம் எடுக்கும் இளம் தோழர்களுக்கு ஒரு கோரிக்கை. உடைச் செலவுக் கணக்கு எழுதும்போது கூட்டத்தில் நிற்பவர்களின் துணியை முதல் வரியில் எழுதுங்கள். அரசனின் கிரீடத்தைக் கடைசியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டீத்தூளைக் குடிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.