பெரியதிலிருந்து சிறியதற்கு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

மனிதனை அவன் ஏறிவரும் வாகனத்தைக் கொண்டு எடைபோடும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. அன்று யானை மீது வந்தவனுக்கும் பல்லக்கில் வந்தவனுக்கும் ஒதுங்கி வழிவிட்டோம். இன்று ‘தட தட’வென்ற ஒலியோடு வரும் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடுகிறோம். வாகனம் மாறிற்று, வழக்கம் மாறவில்லை.

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். தாத்தாவுக்கு மிதிவண்டி. அப்பாவுக்கு டி.வி.எஸ். 50. தாய்மாமனுக்கு 350 சி.சி. குரூசர். இந்த வரிசை எங்கள் வீட்டாருக்கு ஓர் ஏணி. அதே ஏணியில் இன்னொரு படியாகத்தான், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் படிப்பையும் எண்ணுகிறார்கள். இந்நிலையில் சென்ற ஆண்டு மாமா குரூசரை விற்றுவிட்டு, 155 சி.சி. பந்தய வடிவ வண்டி ஒன்றை வாங்கினார். வீடே கலங்கிற்று. “கடன் கிடன் ஆயிடுச்சாப்பா?” என்று பாட்டி கேட்டார். “பெரிய வண்டியிலேருந்து இப்படி இறங்கிட்டியே!” என்றார் பெரியப்பா.

‘இறங்குதல்’ என்னும் அந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பெரியதிலிருந்து சிறியதற்கு மாறுவது இறக்கமா?

பெரிய வண்டிக்கு நம்மிடையே கிடைத்த மதிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955-ல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வாயிலாகச் சென்னைத் திருவொற்றியூருக்குக் குடிவந்தது. தாய்நாட்டில் அதன் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. இராணுவமும் காவல்துறையும் அதில் வலம் வந்தன. ஆகவே அதன் ஒலியைக் கேட்டாலே அதிகாரம் வருகிறது என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்தமர்ந்து செல்லும் குரூசர் வண்டிகள் பின்னால் வந்தவை. அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளுக்கேற்ப அமைந்த உருவம் அது. நம் நாட்டில் 2005-ல் வந்த பஜாஜ் அவெஞ்சரும், 2020-ல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-உம் அந்த உருவத்தைப் பலருடைய வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன.

சிறியதற்கு மாறும் கதையும் புதிதன்று. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100-உம் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் வந்தன. ஆர்.எக்ஸ். 100-இன் எஞ்சின் வெறும் 98 சி.சி.; திறனோ ஏறத்தாழ 11 குதிரைத்திறன்; வண்டியின் எடை சுமார் 100 கிலோ. அன்றைய புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன் இருந்தும், அதன் எடை 160 கிலோவுக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் சின்னவன் பெரியவனுக்குச் சளைத்தவனல்லன்! 1996-ல் அதன் உற்பத்தி நின்றது. இருந்தும் பழைய வண்டியைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையவில்லை.

இன்றைய வண்டிகளுக்கு வருவோம். மீட்டியார் 350-இன் எடை 191 கிலோ; உச்சத் திறன் சுமார் 20 குதிரைத்திறன். யமஹா ஆர். 15-இன் நான்காம் பதிப்பு 142 கிலோ. உச்சத் திறன் சுமார் 18 குதிரைத்திறன். எஞ்சினின் பருமன் பாதிக்கும் குறைவு. திறனோ ஏறத்தாழ அவ்வளவே! இது எப்படி? முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும் என்று வகுப்பில் படிக்கிறோம். மீட்டியாரின் உச்ச முறுக்கு விசை நிமிடத்திற்கு 4000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர். ஆர். 15-க்கு 7500 சுழற்சியில் 14.2 நியூட்டன் மீட்டர். பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் விடை ஏறக்குறைய 11 கிலோவாட். ஒருவன் பெரிய கூடையில் மண் சுமந்து நிதானமாக நடக்கிறான். மற்றவன் சிறிய கூடையோடு ஓடி ஓடிச் சுமக்கிறான். மாலையில் இருவரும் கொட்டிய மண் ஒன்றே. இதில் எவனை இழிவென்பது?

நமது ஊரின் அமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே புதுவை நகரின் வீதிகள் சதுரங்கக் கட்டம் போல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. நேரு வீதியிலோ மகாத்மா காந்தி வீதியிலோ சற்று நகர்ந்தால் ஒரு சந்திப்பு. மீண்டும் நகர்ந்தால் இன்னொன்று. கால் நீட்டிச் சாய்ந்து செல்ல இங்கே இடம் ஏது? சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் பெரிய வண்டிகளில் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் வர அவை ஏற்றவை. முத்தியால்பேட்டையிலிருந்து சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் என் மாமாவின் தேவை வேறு. சந்துக்குள் தள்ளித் திருப்பி வாசலில் நிறுத்துவதற்குள் வியர்த்துவிடுகிறது என்பார். ஐம்பது கிலோ குறைந்தால் கைக்கும் இடுப்பிற்கும் அது பெரிய நிம்மதி.

எனினும், பந்தய வண்டிக்கு வக்காலத்து வாங்கி, அதன் குறைகளை மறைத்தல் முறையன்று. மீட்டியாரின் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரம், ஆர். 15-க்கு 815. குள்ளமானவர்க்குக் கால் எட்டாது. குனிந்தே ஓட்டுவதால் மணிக்கட்டு வலிக்கும். பின்னிருக்கையோ பரண் போல் உயர்ந்து நிற்கிறது. பாட்டியை ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்றால் மாமா இப்போது ஆட்டோவைத்தான் கூப்பிடுகிறார். குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் இதனை முன்பே எண்ண வேண்டும்.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. சிறிய எஞ்சின் தன் முழுத் திறனைக் காட்ட, அதனை மேலும் மேலும் முறுக்க வேண்டும். முறுக்கும் கை வேகத்தின் சுவையை அறிந்துகொள்கிறது. ‘வண்டி இலேசானது, பிரேக் பிடித்தால் சட்டென நின்றுவிடும்’ என்று நண்பர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கச் சுமார் 9 மீட்டர் ஆகும். 80-ல் 36 மீட்டர்! வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. பிரேக் பிடிக்க வேண்டுமென்று மூளைக்கு எட்டிக் கை அசைய ஒரு நொடி ஆகுமானால், அதற்குள் 40-ல் 11 மீட்டரும் 80-ல் 22 மீட்டரும் ஓடிவிடும். இக்கணக்கில் வண்டியின் நிறை இடம்பெறவே இல்லை. சமன்பாட்டின் இருபுறமும் அடிபட்டுப் போகிறது. காமராஜர் சாலையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு, வருவது 350-ஆ 155-ஆ என்பதில் என்ன பயன்?

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்களுள் எத்தனை பேர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக வளர்ந்துகொண்டிருந்தனரோ! நம்மைப் போன்ற குடும்பங்களில் ஒரு மகன் சாய்ந்தால், மூன்று தலைமுறையாகக் கட்டிய ஏணியும் சேர்ந்தன்றோ சாய்கிறது? 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கை 2019 ஏப்ரலிலிருந்து சட்டம் கட்டாயமாக்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். புத்தி பூட்டிக்கொண்டால் எந்தக் கருவி காக்கும்?

ஆகவே என் கருத்து இதுதான். பெரிய வண்டியைப் பெருமைக்காக வைத்திருப்பது ஒரு மயக்கம் என்றால், சிறிய வண்டியை வேகத்தின் வீம்புக்காக வாங்குவதும் இன்னொரு மயக்கமே. உடலுக்கும் ஊருக்கும் தொழிலுக்கும் எது பொருந்துகிறதோ அதனைத் தேர்ந்தெடுப்பவனே அறிவாளி. அந்தத் தேர்வு சிறியதாக அமைந்தால், ‘இறங்கிவிட்டான்’ என்று ஊர் பேசுமே என்று அஞ்சவேண்டியதில்லை. ஊர் வாய் மாதத் தவணை கட்டாது. சந்துக்குள் வண்டியைத் தள்ளித் தரவும் வராது.

மாணவ நண்பர்களே! நாளை நாம் சம்பாதிக்கப் போகிறோம். முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி வண்டி வாங்கும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அன்று கடைக்காரர் சி.சி.யைச் சொல்வார், நண்பன் வேகத்தைச் சொல்வான், உறவினர் கௌரவத்தைச் சொல்வார்கள். அத்தனையும் கேட்டபின், நாம் கற்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். தலைக்கவசத்தின் விலையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வோம். படித்தவன் வீட்டில் இருக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.