வேலியா, சிறையா?

வீட்டுக்குச் சுவர் வேண்டும். வயலுக்கு வேலி வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் ஒரு நகரின் நடுவே சுவர் எழுப்பி, அதற்குக் 'காப்பு' என்று பெயர் சூட்டிய வரலாறும் இவ்வுலகில் உண்டு. அதுவே பெர்லின் சுவர்.

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியை 1945-இல் நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக் கொண்டன. தலைநகர் பெர்லினும் நான்கு பங்காயிற்று. 1949-இல் மேற்கு, கிழக்கு என இரு நாடுகள் பிறந்தன. 1952-இல் அவற்றின் எல்லை அடைக்கப்பட்ட பின்பும் பெர்லின் மட்டும் திறந்த வாசலாகவே இருந்தது. 1961-க்குள் கிழக்கு ஜெர்மனியை விட்டு ஏறத்தாழ 27 லட்சம் பேர் வெளியேறினர். அவர்களில் இளைஞர்கள் மிகுதி. மருத்துவர்களும் பொறியாளர்களும் பலர்.

1961 ஜூன் 15 அன்று, சுவர் எழுப்பும் எண்ணம் எவருக்கும் இல்லை என்றார் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்ட்டர் உல்பிரிக்ட். இரண்டே மாதங்களில், ஆகஸ்ட் 13 ஞாயிறு விடியுமுன் முள்வேலி முளைத்தது. பின்னர் அது கான்கிரீட் சுவராயிற்று. மேற்கு பெர்லினைச் சுற்றி வளைத்த அந்த எல்லையின் நீளம் சுமார் 155 கிலோமீட்டர். பெர்னவர் தெருவில் வீடுகள் கிழக்கில். வாசல் நடைபாதையோ மேற்கில்! மக்கள் சன்னல் வழியே குதித்தனர், சிலர் உயிரிழந்தனர். அந்தச் சன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தது அரசு. 1962-இல் 18 வயது பீட்டர் ஃபெக்டர் சுடப்பட்டுச் சுவரடியில் வீழ்ந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் குருதி சிந்தி மாண்டான். அச்சுவரருகே மடிந்தோர் குறைந்தது 140 பேர்.

'பாசிச எதிர்ப்புக் காப்புச் சுவர்' என்றே அவ்வரசு அதை அழைத்தது. ஆனால் காவலரின் துப்பாக்கி யாரை நோக்கியிருந்தது? உள்ளே வருவோரை அல்ல. வெளியேறும் தன் மக்களை! வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ?

'மக்கள் பணத்தில் படித்தவர்கள் ஓடிப்போனால் நாடு என்னாவது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசுக் கல்லூரி இல்லையேல் எனக்குப் படிப்பே இல்லை. அந்தக் கடனை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் கடன்பட்டவனைப் பூட்டி வைத்து வசூலிப்பது கொத்தடிமை முறை. அது ஓர் அரசுக்கு அழகன்று. படித்தவன் ஏன் போகிறான் என்று கேட்டறிந்து, அவன் தங்குவதற்கேற்ற வேலையும் பேச்சுரிமையும் தருவதே அரசின் கடமை. போகும் வழி திறந்திருந்தும் தங்கி உழைப்பவனே நாட்டின் செல்வம்.

1989 நவம்பர் 9 இரவு, பயணக் கட்டுப்பாடு நீங்கியது என்ற அறிவிப்பைக் கேட்டு மக்கள் சாவடிகளில் திரண்டனர். கதவுகள் திறந்தன. 1990 அக்டோபர் 3-இல் ஜெர்மனி ஒன்றாயிற்று. 28 ஆண்டுகள் நின்ற சுவர், தன்னைக் கட்டிய அரசைக்கூடக் காக்கவில்லை!

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் ஆசிரியர்களாவோம், சிலர் அதிகாரிகளாவோம். 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்லி எங்கேனும் ஒரு சுவர் எழுமானால், அதன் காவல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் கேட்போம்!